மகளிர் குழு கேட்கும் திருத்தங்களை மாணவர் எதுவரை ஏற்பது?

கல்லூரித் திட்டப்பணிக்காக ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் மசாலாப் பொடிக்கு லேபிள் வடிவமைத்ததாகவும், ஆசிரியர் பாராட்டிய பிறகும் குழுவினர் திருத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவர்களிடம் கணினித் திரையில்தான் படத்தைக் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அச்சிட்டு, பொட்டலத்தில் ஒட்டி, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டு செல்லுங்கள்.

எங்கள் கல்லூரி அணி தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகு முறுக்கு செய்யும் ஒரு குழுவுக்காக வேலை செய்தது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கப்பட்ட மாவட்டம் அது. அங்குள்ள பெண்களுக்கு விற்பனை புதிதல்ல. அடர்பழுப்புப் பின்னணியில் நாங்கள் கொண்டுபோன மாதிரியைக் கையில் வாங்கியதும் குழுத் தலைவி, "தம்பி, தேதியை எங்க குத்துறது?" என்று கேட்டார். ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்தியும் காட்டினார். பழுப்பின் மேல் கறுப்பு மை தெரியவில்லை. பளபளப்பான தாளில் அது காயவும் இல்லை, எண்ணெய்க் கை பட்டதும் இழுவிக்கொண்டது. தேதி குத்தும் மூலையை வெள்ளையாக விட்டு, பளபளப்பற்ற தாளுக்கு மாறினோம். பெட்டிக்கடையில் பொட்டலங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதால் மேல் ஓரத்தில் இருந்த பெயர் மறைந்துபோகும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். பெயர் நடுவுக்கு வந்தது. நாங்கள் வரைந்திருந்த கதிர் ஓவியம் சிறியதாகி ஓரத்துக்குப் போனது.

வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் கேட்டால் வடிவமைப்பாளர் எதற்கு என்று சிலர் இங்கே கேட்கக்கூடும். எல்லாவற்றையும் கேட்கச் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்று மூலப்பொருள் பட்டியலை எடுத்துவிடச் சொன்னபோது நாங்கள் மறுத்தோம். எடை அதிகமானது முதலில் வருமாறு மூலப்பொருள்களை வரிசைப்படுத்துவது, சைவ உணவு என்று காட்டும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவை சட்டம் கேட்பவை. தமிழோடு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இவ்விவரங்கள் இருக்க வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சோதனைக்கு அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் கல்லூரியில் மதிப்பெண் முழுவதும் கண்காட்சிச் சுவரில் ஒட்டிய முதல் வடிவத்துக்கே கிடைத்தது. முத்திரை குத்திப் பார்த்துச் செய்த திருத்தங்களை மதிப்பீட்டுக் குழு கேட்கவே இல்லை. அதனால் பல அணிகள் கண்காட்சி முடிந்ததும் குழுக்களின் தொலைபேசி அழைப்பைக்கூட எடுப்பதில்லை. எல்லாக் கல்லூரிகளும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் நம்பி நேரம் ஒதுக்கிய பெண்களிடம் அச்சகம் ஏற்காத ஒரு படக்கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு வருவது அநியாயம்.

ஆகவே இறுதிக் கோப்பை எழுத்துருக்களோடு சேர்த்து, அவர்கள் வழக்கமாகப் போகும் அச்சகத்தில் திறந்து பார்த்தபின் ஒப்படையுங்கள். விலைக்கும் தேதிக்கும் முத்திரை குத்த வெற்றிடம் விடுங்கள். மிளகாய் விலை ஏறும்போது அச்சடித்த லேபிள் கட்டுகள் வீணாகாமல் இருக்கும்.