முதுகலைப் பட்டம் இருந்தும் எழுத்தர் சம்பளமா?

“புத்தகம் கொடுத்து வாங்க முதுகலை எதற்கு?” என்று, நூலகராக இருந்தும் எழுத்தர் சம்பளமே வாங்கும் நீங்கள் ஊதிய உயர்வு கேட்டபோது மேலாளர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டத்தைக் காட்டி வாதாடாதீர்கள். ஊதியத் தரம் பதவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

ஆகவே உங்கள் பதவியின் வேலை என்ன என்று காட்ட, இரண்டு வாரம், 15 நிமிடத்துக்கு ஒரு வரி என்று ஒரு குறிப்பேட்டில் குறித்து வையுங்கள். நூல் வழங்கல், பட்டியலாக்கம், தகவல் தேடித் தருதல், சந்தா பேரம் எல்லாம் தனித்தனியாக. செய்த வேலையை விட எடுத்த முடிவை எழுதுங்கள். “50 நூல் பட்டியலிட்டேன்” என்றால் எழுத்தர் வேலைதான். ‘பைதான்’ என்று தலைப்புள்ள நூல், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் 005.133-இல் நிரல்மொழியா, 597.96-இல் பாம்பா என்று உள்ளே புரட்டித் தீர்மானிப்பது வேறு (சுலபமான உதாரணம்தான்). எண் தவறினால் நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான்.

மின்னிதழ்ச் சந்தாவில் விலையேற்ற வரம்பையோ, சந்தா நின்ற பிறகும் பழைய இதழ்களைப் படிக்கும் உரிமையையோ பேசி வாங்கியிருந்தால், மிச்சப்பட்ட தொகையோடு கோரிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அதன்பின் பணிவிவரக் குறிப்பைத் திருத்தி, பதவி மறுதரப்படுத்தலை, அதாவது பதவியின் ஊதியத் தரத்தை மறுபடி நிர்ணயிப்பதை, எழுத்தில் கேளுங்கள்.

குறிப்பேட்டில் முக்கால்வாசி நேரம் வழங்கல் மேசையில்தான் போயிருந்தால், முதலில் அதைக் குறைக்க ஓர் உதவியாளரைக் கேளுங்கள்.