வீட்டுக்குள் மரவேலை செய்ய, உயரத்தை ஏற்றி இறக்கும் அசெம்பிளி மேசையை நாமே செய்வது எப்படி?

பத்துக்குப் பத்து அறையில் அலமாரி, டீப்பாய் எல்லாம் பூட்டி ஒட்ட ஒரு மேசை வேண்டும், நடுவில் கார் ஜாக்கியை வைத்தால் உயரத்துக்கு ஆயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வேண்டாம்.

ஜாக்கி தூக்கும், ஆடாமல் பிடிக்காது. நாலடிப் பலகை ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஒரு மூலையில் கிளாம்பை இறுக்கினாலே எதிர்மூலை எழும்பிவிடும். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன அலமாரி செய்தேன். ராத்திரி பசை போட்டு, கிளாம்ப் மாட்டி, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றுதான். காலையில் தரையில் இறக்கினால் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் இரண்டு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. மூலைக்கு மூலை அளப்பது சட்டம் கோணவில்லை என்று மட்டும்தான் சொல்லும். மேசை முறுக்கியிருந்தால் அதன்மேல் காய்கிற பெட்டியும் முறுக்கிக்கொண்டுதான் காயும்.

நம் ஊர் ஆசாரிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அண்டைகொடுத்து வேலையை முடித்துவிடுவார்கள். என் இடுப்புக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஆகவே முதலில் பலகையைக் கவனியுங்கள். 4 அடிக்கு 3 அடி போதும். ஒற்றை 19 மி.மீ. பிளைவுட் நாளடைவில் தொய்யும். அதற்குப் பதில் உள்ளே கூடுள்ள பெட்டியாகச் செய்யுங்கள்: 12 மி.மீ. பிளைவுட்டில் 70 மி.மீ. அகலப் பட்டிகள், குறுக்கும் நெடுக்குமாக ஒன்றுக்குள் ஒன்று வெட்டிப் பொருத்தியது. அதன் மேலும் கீழும் 9 மி.மீ. பிளைவுட். மொத்தம் 20 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், வளையாது. ஒட்டும்போது தரையை நம்பாதீர்கள். டைல்ஸ் தரை பார்க்கத்தான் சமம். இரண்டு அலுமினியச் சேனலைப் போட்டு, ரசமட்டம் வைத்து, அடியில் அட்டைத்துண்டு செருகி மட்டம் பிடியுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. சன்மைக்கா ஒட்டுவதென்றால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில் மாதிரி வளையும். மேல்பக்கத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் வழிந்த பசை காய்ந்தபின் தகடாக உரிந்து வந்துவிடும்.

கால்களுக்கு 50 மி.மீ. சதுர இரும்புக்குழாய்க்குள் 40 மி.மீ. குழாய். இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கும். அலமாரி பூட்ட 24 அங்குல உயரம் வேண்டும், இழைக்க 36 வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். 24-இல் பலகைக்கு மூன்றரை, அதைத் தாங்கும் ஆங்கிள் இரும்புச் சட்டத்துக்கு ஒன்றரை, காலடி வீலுக்கு நாலு போனால் குழாய்க்கு மிஞ்சுவது 15 அங்குலம். ஏற்றிய நிலையிலும் உள்குழாய் 6 அங்குலமாவது வெளிக்குழாய்க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். ஆக, ஏற்ற முடிவது 9 அங்குலம்தான். 33-உடன் நிறுத்திக்கொண்டேன். உயரத்தைப் பூட்டும் போல்ட்டுக்கு 3 அங்குலத்துக்கு ஒரு துளை, நான்கு உயரங்கள். இழைப்பதற்கு இந்த மேசையே வேண்டாம், அதற்குக் கனமான தனி பெஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

2 மி.மீ. கனமுள்ள குழாய் என்றால் உள்ளே 46 மி.மீ. இருக்கும். அதில் 40 போனால் 6 மி.மீ. லொடலொடப்பு. இதற்கு வைத்தியம்: ஒவ்வொரு வெளிக்குழாயிலும் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் துளையிட்டு, நட்டை வெல்டு செய்து, போல்ட்டை உள்ளே திருகுங்கள். உள்குழாய் எதிர்மூலையில் போய் அப்பிக்கொள்ளும். வெளிக்குழாயின் உள்ளே நீளத்துக்கும் ஒரு வெல்டு தடிப்பு ஓடும். அது போல்ட் இருக்கிற முகத்தில் வருமாறு திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் தானாகச் செய்ய மாட்டார்கள், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். உள்குழாய் நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் துளை போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் நான்கு காலும் நான்கு உயரம்.

ஏற்றும்போது ஒரு முனையை மட்டும் தூக்கினால் குழாய் சிக்கிக்கொள்ளும். இதற்குத்தான் பழைய கார் ஜாக்கியைத் திரும்ப எடுத்தேன். கால்களை அடியில் இணைக்கும் கீழ்ச்சட்டத்தின் குறுக்குக் கம்பியில் வைத்து, மேலே ஒரு மரக்கட்டை முட்டுக்கொடுத்து, நட்டநடுவில் மட்டமாகத் தூக்கிவிட்டு, நான்கு காலின் உயரத் துளைகளிலும் போல்ட்டைச் செருகி, ஜாக்கியை இறக்கிவிடுவேன். பாரம் முழுக்கப் போல்ட்டில்தான் நிற்கும். மோட்டார் வைத்த ஆபீஸ் மேசைக் கால்களையும் பார்த்தேன். நான் பார்த்தவை எதுவும் 28 அங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லை.

வாடகை வீடு, வெல்டிங் செலவு வேண்டாம் என்றால் பலகையை மட்டும் செய்துகொண்டு, அடியில் ஒரே அளவில் இரண்டு பிளைவுட் பெட்டிகள் வையுங்கள். பெட்டியின் பக்கங்கள் 20, 24, 29 அங்குலம். எந்தப் பக்கத்தை நிமிர்த்துகிறீர்களோ அதுவே பெட்டியின் உயரம், பலகையின் மூன்றரை அங்குலம் அதற்கு மேல். வேலை முடிந்ததும் பலகையைச் சுவரில் சாய்த்துவிடலாம், பெட்டிக்குள் கிளாம்புகளைப் போட்டுக்கொள்ளலாம்.