புல்பென்னில் உட்கார்ந்திருக்கும் பையன்

போன மாதம் ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. பையன் பதினொன்றாம் வகுப்பு முடித்தவன், பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிகிறவன். அம்மாதான் ஆரம்பித்தார். "சார், ரெண்டு வருஷமா ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கிறவனே இவன்தான். இப்ப கோச் புல்பென்னுக்கு, அதான் மாத்துப் பிட்சர்கள் காத்திருக்கிற இடத்துக்கு, தள்ளிட்டார். முக்கால்வாசி ஆட்டம் முடியற வரைக்கும் வேலி ஓரமா சும்மா உக்காந்திருக்கான். இதை நம்பி எப்படி சார் காலேஜ் முடிவு பண்றது?"

கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா விடிந்தால் போன் செய்கிறாராம். எட்டு வருடத்தில் டாக்டராக வெளியே வரும் படிப்பில் சேர்க்கச் சொல்கிறார். அது கிடைக்காவிட்டால் பெயர் பெற்ற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு. அங்கே பேஸ்பால் அணியில் உதவித்தொகை இல்லாமல் 'வந்து முயன்று பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்களாம். அதற்காக வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கவும் தயார் என்றார் அப்பா.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நானும் ஐந்து நிமிடம் பேசினேன். கடன் என்ற சொல் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

முதலில் புல்பென். அப்பா சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர். அவரிடம் ஒன்று கேட்டேன்: கடைசி ஓவர்களைத் தோனி பிராவோ கையில் கொடுத்தபோது, பாவம், பிராவோவைத் தண்டிக்கிறார் என்றா நினைத்தீர்கள்? அவர் சிரித்துவிட்டார். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீகில் ஓர் அணிக்கு 26 பேர். அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர்கள் வழக்கமாக 5 பேர்தான், மற்ற 8 பேரும் புல்பென்னில் காத்திருந்து நடுவில் வந்து எறியும் ரிலீஃப் பிட்சர்கள். நீங்கள் உபரி என்று நினைக்கும் வேலைக்குத்தான் அங்கே நாற்காலி அதிகம்.

வேலையின் தன்மையும் வேறு. ஸ்டார்ட்டர் அதே ஒன்பது பேட்டர்களை ஒரே ஆட்டத்தில் இரண்டு, மூன்று தடவை சந்திக்கிறார். மூன்றாவது தடவை வரும்போது அவர்களுக்கு இவருடைய பந்து பழகிவிடும், அதனால் கையில் மூன்று நான்கு வகைப் பந்துகள் வேண்டும். ரிலீஃப் பிட்சர் நாலைந்து பேருக்கு எறிந்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு வகை நன்றாக வந்தால் போதும். நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா 1995-ல் ஸ்டார்ட்டராக வந்து சரிப்படாதவர். பிறகு பெரும்பாலும் கட்டர் என்ற ஒரே வகைப் பந்தை வைத்துக்கொண்டு 652 ஆட்டங்களில் அணியின் வெற்றியைக் காத்து முடித்துக்கொடுத்தார். உங்கள் ஊர் ஆஸ்ட்ரோஸ் அணியின் ஜாஷ் ஹேடரை 2012 டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 19-வது சுற்றில்தான் எடுத்தார்கள். 2024-ல் அவர் போட்ட ஒப்பந்தம் 5 வருடத்துக்கு 9.5 கோடி டாலர். (இந்தத் தொகையைப் பெரியப்பாவிடம் சொல்லவேண்டாம், நாளைக்கே திட்டத்தை மாற்றிவிடுவார்.)

ஹேடரைப் போல நூறு பேர் இல்லை. அதனால் கீழ்த்தட்டுக் கணக்கையும் பாருங்கள், அது உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. சுகர்லேண்ட் ஸ்பேஸ் கௌபாய்ஸ் என்பது ஆஸ்ட்ரோஸின் டிரிபிள்-ஏ அணி, மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. 2023-ல் வந்த மைனர் லீக் ஒப்பந்தப்படி அந்த மட்டத்தில் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 35,800 டாலர். அங்கிருந்து சுமார் 20 மைலில் இருக்கும் ஹூஸ்டன் மைதானத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் 2025 கணக்கில் வருடத்துக்கு 7,60,000. அதாவது இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 4,000 டாலருக்கு மேல். ஆனால் இருக்கிற நாளுக்குத்தான். ரிலீஃப் பிட்சர்களை ஒரே சீசனில் ஐந்து முறை வரை மேலும் கீழும் அனுப்ப விதி இடம் கொடுக்கிறது. 43 நாள் மேலே இருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும், பலர் அந்த 43-ஐ எண்ணிக்கொண்டே வாழ்கிறார்கள். இன்னும் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. 2008-ல் இந்தியாவில் நடந்த ஒரு போட்டியில் தேர்வாகி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை.

சரி, டாக்டர் படிப்பு. பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து உனக்குத் தெரிந்ததை வரை என்றேன். முழங்கையின் உள்பக்கத் தசைநாரை வரைந்து, எங்கே கிழியும், எப்படி ஒட்டவைப்பார்கள் என்று விளக்கினான். "பாத்தீங்களா சார், டாக்டர் மூளை!" என்றார் அம்மா. இல்லை அம்மா. கூட ஆடுகிற பையனுக்கு அது கிழிந்ததால் இவனுக்குத் தெரிகிறது. உயிரியலில் 'பி' வாங்குகிறான், மருத்துவமனை என்ற பேச்சு வந்தாலே ஜன்னலைப் பார்க்கிறான். பள்ளி ஆட்டத்தின் ஏழாவது, கடைசி இன்னிங்ஸில் உள்ளே போவது எப்படி இருக்கும் என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்பதான் அங்கிள் எல்லாரும் டென்ஷனா இருப்பாங்க, எனக்கு மட்டும் அமைதியா இருக்கும்" என்றான். அவன் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிய இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். அந்த எட்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பமே போடாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகமும் வேண்டாம். வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல், அதுவும் 'முயன்று பார்க்கலாம்' என்ற வாய்வார்த்தைக்கு. பெரிய கல்லூரி அணிகள் இப்போது வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடிய 21, 22 வயதுக்காரர்களைக் கொண்டுவருகின்றன. 18 வயதில் உதவித்தொகை இல்லாமல் போகிறவன் ஒரு வருடம் பந்தைத் தொடாமலே வெளியே வரலாம். கடன் மட்டும் வெளியே வராது.

நம் குடும்பங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கதவு இருக்கிறது: இரண்டு வருட ஜூனியர் காலேஜ். 'கம்யூனிட்டி காலேஜா?' என்று அப்பா முகம் சுளித்ததைப் பார்த்தேன். உங்கள் காரில் போய்வரும் தூரத்திலேயே சான் ஜசின்டோ, ஆல்வின், வார்ட்டன் கவுண்டி என்று மூன்று கல்லூரிகளில் பேஸ்பால் அணி இருக்கிறது. ஆல்வினுக்கு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான். மேஜர் லீகின் பெயர்பெற்ற பிட்சர்களான ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும் சான் ஜசின்டோவில் ஆடியவர்கள். உள்ளூர் மாணவனுக்கு வருடக் கட்டணம் சில ஆயிரம் டாலர். ஜூனியர் காலேஜ் சங்கத்தின் முதல் பிரிவில் ஓர் அணி பேஸ்பாலுக்கு 24 உதவித்தொகை வரை கொடுக்கலாம்.

ரிலீஃப் பிட்சருக்கு இது ஏன் பொருந்துகிறது? அங்கே ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வைப்பது சாதாரணம். வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டம் என்றால் நல்ல ஸ்டார்ட்டர்கள் போதமாட்டார்கள், ஆறாவது இன்னிங்ஸில் கோச்சுக்கு ஆள் வேண்டும். உங்கள் பையன் முதல் வருடமே எறிவான். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவனை மூன்றாம் வருடம் முடியும்வரை, அல்லது 21 வயது வரை, டிராஃப்டில் எடுக்க முடியாது. ஜூனியர் காலேஜ் மாணவனை ஒவ்வொரு வருடமும் எடுக்கலாம். படிப்பும் வீணாகாது. டெக்சஸில் 42 கிரெடிட் கொண்ட பொதுப் பாடத்திட்டத்தை முடித்தால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்கவேண்டும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலோ டெக்சஸ் ஏ அண்டு எம்-மிலோ மூன்றாம் வருடத்தில் சேரலாம்.

உங்கள் மகன் பக்கவாட்டில் எறிகிறவன், வேகம் மணிக்கு 82 மைல். இந்த வேகத்துக்கு யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டீர்கள். மேஜர் லீக் ரிலீஃப் பிட்சர் டைலர் ரோஜர்ஸ் கை கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற மாதிரி அடியிலிருந்து எறிகிறார், வேகம் ஏறக்குறைய 83. கான்சஸில் கார்டன் சிட்டி கம்யூனிட்டி காலேஜில் ஆடி, அப்புறம் ஆஸ்டின் பீ பல்கலைக்கழகம் போனார். 2013-ல் பத்தாவது சுற்றில் சான் பிரான்சிஸ்கோ அணி எடுத்தது. 2021-ல் 80 ஆட்டங்களில் எறிந்தார், நேஷனல் லீகிலேயே அதிகம். ஆனால் மேஜர் லீகில் முதல் பந்தை எறிந்தபோது அவருக்கு வயது 28. இடையில் ஆறு வருடம் மைனர் லீக் சம்பளம். அதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும்.

அதனால் செலவில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வேகத்தை ஏற்றுகிறோம் என்று பணம் கேட்கும் பயிற்சிகள், ஊர் ஊராகப் போய்த் திறமை காட்டும் முகாம்கள், எல்லாவற்றையும் இந்தக் கோடையோடு நிறுத்துங்கள். பிட்சர்களின் காயங்கள் பெருகுவதற்கு, முழுபலத்தோடு எறிந்து வேகத்தைத் துரத்துவதையும் ஒரு காரணமாக மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்தத் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் போய்விடும். அவன் வயதுக்கு ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் கூடாது, 46-ஐத் தொட்டால் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் நான்கு மாதம் போட்டிகளில் பிட்சராக எறியக்கூடாது. எண்ணுவது அம்மா வேலை, நீங்கள் கணக்கு டீச்சர்தானே.

இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பையன் ஹெச்-4 வீசாவில், அதாவது அப்பா அம்மாவின் வேலை வீசாவைச் சார்ந்த குடும்ப வீசாவில், இருந்தால் சம்பளத்துக்கு ஆட முடியாது. ஒப்பந்தம் போடும் அணி வேறு வீசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஹெச்-4 பிள்ளைகளுக்கு 21 வயதோடு முடிந்துவிடும், அதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்த வாரம் மூன்று கல்லூரி கோச்களுக்கும் பையனே மின்னஞ்சல் எழுதட்டும். கடைசி இன்னிங்ஸில் எறிந்த வீடியோவை வையுங்கள், ஸ்டார்ட்டராக எறிந்ததை வேண்டாம். இரண்டாம் வருடம் மே மாதத்துக்குள் நான்கு வருடக் கல்லூரியோ மேஜர் லீக் அணியோ கூப்பிடாவிட்டால், கையுறையை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டத்தை முடிக்கிறான். இதற்கு அவன் என் எதிரிலேயே சம்மதித்தான், அப்பாதான் கொஞ்சம் தயங்கினார்.

கிளம்பும்போது, "பெரியப்பாகிட்ட என்ன சார் சொல்றது?" என்று அம்மா கேட்டார். காலேஜில் சேர்ந்துவிட்டான், கடன் வாங்கவில்லை என்று சொல்லுங்கள். எந்தக் காலேஜ் என்று கேட்டால் போனை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.