ஏழு ஸ்னாப்ஷாட்டும் ஒரே இரவில் போனது ஏன்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். பில், இருப்பு, பட்டறைகளுக்குக் கொடுத்த வெள்ளியின் எடைக்கணக்கு எல்லாம் கடையின் லினக்ஸ் சர்வரில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் உள்ளன. டிஸ்க் இடத்தைப் பிரித்தாளும் லினக்ஸ் வசதியான எல்விஎம் மூலம் தினமும் இரவில் 5 ஜிபி ஒதுக்கி, அந்த நேரத்து நிலையைக் காட்டும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, ஏழு நாள்களுக்குரியதை வைத்திருந்தோம். சென்ற மாதம் பழைய இருப்புக் கணக்கு முழுவதையும் மாற்றிப் பதிந்த இரவில் ஏழும் செல்லாதவையாகிவிட்டன. சர்வரும் வரவர மந்தமாகிறது. என்ன தவறு செய்தோம்?

பதில்: ஸ்னாப்ஷாட் என்பது உங்கள் கணக்கின் முழு நகல் அன்று. பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திருத்தும் முன் பழைய பக்கத்தை ஒரு துண்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையைப் போல, கணக்கு இருக்கும் டிஸ்க் பிரிவான மூல வால்யூமில் ஒரு பகுதி முதன்முறை மாறும்போது மட்டும் அதன் பழைய வடிவத்தை எல்விஎம் தனியே எடுத்து வைக்கிறது. அதே பகுதி பிறகு நூறு முறை மாறினாலும் மறுபடி எடுப்பதில்லை. நீங்கள் கொடுத்த 5 ஜிபி அந்தத் துண்டு நோட்டின் அளவுதான். அன்றிரவு மாறிய பகுதிகள் அதைவிட மிகுந்ததால், நோட்டு நிரம்பி ஸ்னாப்ஷாட் செல்லாததாயிற்று. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் தனி நோட்டு என்பதால் ஏழும் சேர்ந்தே போயின. ஒரே மாற்றத்துக்காக ஏழு இடங்களில் எழுத நேர்ந்ததுதான் மந்தத்துக்கும் காரணம்.

இதைவிடப் பெரிய ஆபத்தை நீங்கள் கேட்கவில்லை. மாறாத பகுதிகளை ஸ்னாப்ஷாட் மூல வால்யூமிலிருந்தே படிக்கிறது. ஆகவே டிஸ்க் பழுதானால் எழுநூறு ஸ்னாப்ஷாட் இருந்தும் பயனில்லை. அதைப் பேக்கப்பாகக் கருதாமல், பேக்கப் எடுக்கும் நேரத்தில் கணக்கை அசையாமல் நிறுத்தித் தரும் கருவியாகக் கருதுங்கள்.

இரவில் மைஎஸ்க்யூஎல்லில் எல்லா அட்டவணைகளுக்கும் படிப்புப் பூட்டு (படிக்கலாம், எழுத முடியாது) போட்டு, ஸ்னாப்ஷாட் எடுத்து, உடனே பூட்டை விடுவியுங்கள். சில நொடி வேலைதான். பூட்டுப் போட்ட இணைப்பு மூடினால் பூட்டும் விலகிவிடும் என்பதை மறந்து, பூட்டுக்கு ஒரு கட்டளை, ஸ்னாப்ஷாட்டுக்கு வேறொன்று என ஸ்கிரிப்ட் எழுதுபவர்களே அதிகம். ஸ்னாப்ஷாட் முடியும்வரை அதே இணைப்பு திறந்திருக்க வேண்டும். பிறகு ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்து (கோப்புகளைப் படிக்கும்படி இணைத்து), வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். விடிந்த பிறகு ஸ்னாப்ஷாட் எதுவும் மீந்திருக்கக் கூடாது. நகல் முடியும்வரை ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதை எல்விஎஸ் கட்டளை காட்டும். கணக்கை மொத்தமாக மாற்றும் நாளில் 20 ஜிபி ஒதுக்கினாலும் நட்டமில்லை.

அந்த நகலும் கடையிலேயே இருந்தால் தீயோ திருட்டோ இரண்டையும் கொண்டுபோகும். ஏற்காட்டில் உறவினர் வீடு இருந்தால், வாரம் ஒரு ஹார்டு டிஸ்க், குறியாக்கம் செய்யப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகட்டும். அதிர்வு தாங்க நல்ல உறை போடுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, ஏதேனும் ஒரு பட்டறையின் வெள்ளி நிலுவை கிராம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.