ஆல்பர்ட்டாவின் கசப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் மேற்கு மாகாணங்களில் பிரிவினைப் பேச்சு மறுபடி தலைதூக்குவதாக வாசித்தேன். எண்ணெய் கொழிக்கும் ஆல்பர்ட்டாவுக்கு மத்திய அரசின் மேல் ஏன் இத்தனை கசப்பு? இதே கோபத்தில் கிளம்பிய சீர்திருத்தக் கட்சி 1993 தேர்தலில் 52 இடங்களைப் பிடித்தது. பத்தே ஆண்டுகளில் அது இல்லாமல் போனது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதற்கு எல்லோரும் முதலில் காட்டுவது 1980இன் தேசிய எரிசக்தித் திட்டத்தை. உள்நாட்டு எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே பிடித்து வைத்து, உற்பத்தி வருவாய்மேல் புதிய வரியும் போட்டது பியர் ட்ரூடோவின் லிபரல் அரசு. அந்த ஆண்டுத் தேர்தலில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா மூன்றிலும் அந்தக் கட்சிக்கு ஓரிடம்கூட இல்லை. கிழக்கே பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் 75க்கு 74. எங்கள் எம்.பி. ஒருவர்கூட இல்லாத அரசு எங்கள் எண்ணெய்க்கு விலை வைப்பதா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அந்தக் கோபம் ஒரு பெரிய புதுக் கட்சியாகத் திரளவில்லை. பிரிவினை பேசிய சில சிறு கட்சிகள் எழுந்து அடங்கின. 1984இல் ஆல்பர்ட்டாவின் 21 இடங்களையும் மக்கள் பிரையன் மல்ரோனியின் முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அந்த அரசு 1986இல் சிஎஃப்-18 போர் விமானப் பராமரிப்பு ஒப்பந்தத்தை கியூபெக்கிலுள்ள மான்ட்ரியல் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மேற்கிலுள்ள வின்னிபெக் நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளியிலோ விலை குறைவு, தரமும் மேல். அடுத்த ஆண்டே, ‘மேற்கும் உள்ளே வர வேண்டும்’ என்ற முழக்கத்தோடு பிரெஸ்டன் மேனிங் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கிவிட்டார். எதிராளி இழைக்கும் அநியாயத்துக்கு மக்கள் அடுத்த தேர்தலில் பதில் சொல்லிக்கொள்வார்கள். தாங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர்களே அதைச் செய்யும்போதுதான் புதுக் கட்சிக்கு ஆள் சேர்கிறது.

ஆள் சேர்ந்தால் மட்டும் போதாது, ஓட்டு ஓரிடத்தில் குவிய வேண்டும். 1993 முடிவைப் பாருங்கள். முற்போக்கு கன்சர்வேடிவ்களுக்கு 16% ஓட்டு, நாடு முழுக்கச் சிதறி விழுந்தது. கிடைத்தவை 2 இடங்கள். கியூபெக்கைத் தனிநாடாக்கக் கேட்டு அங்கே மட்டும் போட்டியிட்ட ப்ளாக் கியூபெக்வாவுக்கு 13.5% ஓட்டு, 54 இடங்கள். ஓர் இடத்துக்கு முன்னவர்கள் செலவழித்தது சுமார் 11 லட்சம் ஓட்டு, பின்னவர்கள் சுமார் 34,000. நாட்டைப் பிரிக்க வந்த கட்சி அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக உட்கார்ந்த வேடிக்கை இப்படித்தான் நடந்தது. சீர்திருத்தக் கட்சிக்கோ 18.7% ஓட்டு. அதன் 52 இடங்களில் 46 ஆல்பர்ட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் தந்தவை. கிழக்கே, மக்கள்தொகை மிகுந்த ஒன்டாரியோவில் ஒன்றே ஒன்று.

இனி ஒரு புதுக் கட்சி வந்தாலும் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்த மாகாணத்தில், எத்தனை தொகுதிகளில் முதலிடம் என்று பாருங்கள். 2021இல் மக்கள் கட்சி நாடெங்கும் ஏறக்குறைய 5% வாங்கியும் பூஜ்யம். ப்ளாக் 7.6% வாங்கி 32 இடங்கள் எடுத்தது.

மேற்கில் குவிந்த ஓட்டே பிறகு சீர்திருத்தக் கட்சியின் காலைக் கட்டியது. 1997 தேர்தலில் அது ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டது. கியூபெக் தலைவர்களின் முகங்களைக் காட்டி, இனி இவர்கள் மட்டுமே நாட்டை நடத்தக் கூடாது என்றது. மேற்கில் 60 இடங்கள் கிடைத்து எதிர்க்கட்சியும் ஆனார்கள். ஒன்டாரியோவில் இருந்த அந்த ஒன்றும் போயிற்று. அங்கே சீர்திருத்தக் கட்சி, முற்போக்கு கன்சர்வேடிவ் என்ற இரு வலதுசாரிக் கட்சிகளும் ஆளுக்குச் சுமார் 19% பிரித்துக்கொள்ள, லிபரல் கட்சி 103இல் 101ஐ வாரிக்கொண்டது. ஒன்டாரியோ இல்லாமல் ஆட்சி இல்லை. ஆகவே 2000இல் பெயரை மாற்றினார்கள். அதுவும் போதாமல் 2003இல் முற்போக்கு கன்சர்வேடிவ்களோடு இணைந்தார்கள். ஆக, கட்சி தோற்றுக் கலையவில்லை. 1993இல் சீர்திருத்தக் கட்சி எம்.பி.யாக கால்கரியிலிருந்து போன ஸ்டீபன் ஹார்ப்பர்தான் 2006இல் பிரதமர்.

அவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டும் மேற்கின் முக்கியக் கோரிக்கை நிறைவேறவில்லை. நியமன உறுப்பினர்கள் உட்காரும் மேலவையான செனட்டில் ஆல்பர்ட்டாவுக்கு 6 இடம். மக்கள்தொகையில் பல மடங்கு சிறிய நியூ பிரன்ஸ்விக்குக்கு 10. மாகாணங்களுக்குச் சம இடமும், உறுப்பினர்களுக்கு நேரடித் தேர்தலும் கேட்டார்கள். அதற்கு நாட்டின் பாதி மக்கள்தொகையாவது கொண்ட 7 மாகாணங்களின் சம்மதம் வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடுதல் இடங்களை வைத்திருக்கும் கிழக்கு மாகாணங்கள் அந்தச் சம்மதத்தை ஏன் தரப்போகின்றன?

வருவாய் குறைந்த மாகாணங்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் சமன்பாட்டு நிதி பற்றி ஒன்று. ஆல்பர்ட்டா அரசு கியூபெக்குக்குக் காசோலை அனுப்புகிறது என்று அங்கேயே பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. அது மத்தியக் கஜானாவிலிருந்து போகும் பணம். ஆல்பர்ட்டாக்காரர்களின் வருமானம் கூடுதல், அதனால் மத்திய வரியும் கூடுதலாகக் கட்டுகிறார்கள். 2021இல் அந்த மாகாணத்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 62% பேர் இந்த நிதி ஏற்பாட்டை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். ஒரு மாகாணம் மட்டும் ஓட்டுப்போட்டு நீக்கக்கூடியதல்ல, அது அப்படியே இருக்கிறது.