டர்போ செடான் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வேலை. பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக்கை மாற்றப் போகிறேன். ஆன்ரோடு 20 லட்சம் வரை முடியும். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. அல்லது ஹூண்டாய் வெர்னா டர்போ, இந்த இரண்டு செடான்களில் ஒன்று வாங்க ஆசை. மாதம் இரண்டு முறை மதுரை போய் வருவேன். வீட்டில் மனைவி, ஐந்து வயது மகள், மூட்டுவலியோடு அம்மா. "இதே காசுக்கு உயரமான எஸ்.யூ.வி. கிடைக்கும்போது தரையோடு தரையாக ஒரு கார் எதற்கு?" என்று தினமும் வாக்குவாதம். வெறும் ஆசைக்காக இவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த ஆசை எந்தச் சாலையில் நிறைவேறப் போகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உங்களுக்கு இரண்டு சாலைகள். தினமும் சத்தி ரோடு, மாதம் இரண்டு தடவை மதுரை. இந்தக் கார் ஒன்றில் தங்கம், மற்றதில் தலைவலி.

முதலில் பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஷோரூம் விலை 16 லட்சம் என்றால் வரி மட்டும் 2.88 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அதாவது 16,000 ரூபாய். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் 20 லட்சத்தைத் தொட்டுவிடுவீர்கள். ஆகவே விளம்பரத்தில் 18 லட்சம் என்று பார்க்கிற வேரியன்ட் உங்கள் பட்ஜெட்டில் இல்லை. ஷோரூம் விலை 16 லட்சத்தைச் சுற்றி என்ன கிடைக்கிறது என்று தேடுங்கள். சன்ரூஃபை விட்டுக்கொடுங்கள், இன்ஜினை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த இன்ஜினில் அப்படி என்ன இருக்கிறது? பேச்செல்லாம் குதிரைத்திறனைப் பற்றியே இருக்கும். விர்ட்டஸ் 150, வெர்னா 160. நீங்கள் பார்க்க வேண்டியது டார்க், அதாவது இன்ஜினின் சுழற்று விசை. விர்ட்டஸின் 1.5 லிட்டர் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின், 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதுவும் 1,600 ஆர்.பி.எம்.மிலேயே. டர்போ இல்லாத ஹோண்டா சிட்டியின் 1.5 பெட்ரோல் 145 தருகிறது, அதற்கு 4,300 வரை முடுக்க வேண்டும். தாராபுரம் பக்கம் இன்னும் இருவழியாக இருக்கிற இடங்களில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்கள். எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. சிட்டியில் இரண்டு கியர் இறக்கி, இன்ஜின் அலற, பக்கத்து சீட்டில் மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொள்ள முந்துவீர்கள். டர்போ செடானில் காலை அழுத்தினால் போதும், எதிர்ப் பாதையில் இருக்கும் நேரம் கணிசமாகக் குறையும். வேகப் பிரியர்களின் விளையாட்டுச் சாமானாகவே இந்தக் கார்களை விற்கிறார்கள். என்னைக் கேட்டால், இருவழிச் சாலையில் அடிக்கடி போகிறவருக்கு இது பாதுகாப்புச் சாதனம். 2023-ல் இரண்டு கார்களுமே குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை.

உயரம் குறைவாக இருப்பதும் இங்கே லாபம்தான். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எஸ்.யூ.வி.யும் செடானும் ஒரே மாதிரி ஏறும். பின்சீட்டில் இருப்பவர்கள் எந்தக் காரில் குறைவாகச் சாய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வருமென்றால் இந்த வாதத்தை வீட்டில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இனி சத்தி ரோடு. விர்ட்டஸின் 1.5 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது உலர் வகை (எண்ணெயில் மூழ்காத) இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஓடும் ரோட்டில் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு அடியடியாக ஊர்ந்தால் கிளட்ச் உரசிச் சூடாகும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி விட்டு, அது நிரம்புகிற அளவுக்கு ஒரே மூச்சில் நகர்ந்து நிற்பதுதான் சரியான முறை. நம் ஊரில் இடைவெளி விட்டால் அங்கே இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் வந்து நிற்கும், என்ன செய்வது! மைலேஜும் நகரத்தில் அடிவாங்கும். நெரிசலில் லிட்டருக்கு 9, 10 என்று வந்தால் சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போடாதீர்கள், அது இயல்பு. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால், சுமை குறையும்போது நான்கில் இரண்டு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்வெடுத்து அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டும்.

வேகத்தடை அடுத்தது. சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டதை எந்தச் செடானும் சிரமமில்லாமல் தாண்டும். நம் தெருக்களில் ஊர்க்காரர்களே ஜல்லி கொட்டிப் போடுகிற தடைக்கு எந்த அளவும் கிடையாது. விர்ட்டஸின் தரை இடைவெளி காலியாக 179 மி.மீ., ஆள் ஏறினால் 145. நான்கு பேரும் பொங்கல் மூட்டையுமாக வரும்போது உங்கள் தெருத் தடையில் அடிவயிறு உரசுமா என்பதை டெஸ்ட் டிரைவிலேயே பாருங்கள். தனியாகப் போய் ஓட்டிவிட்டு "சூப்பர்" என்று வராதீர்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டுவலிக்காரர்களுக்குத் தாழ்ந்த சீட்டில் உட்காருவது கஷ்டமில்லை, எழுந்து வெளியே வருவதுதான் கஷ்டம். அவர் மூன்று தடவை ஏறி இறங்கட்டும். முகம் சுளித்தால் இந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்காக இன்ஜினையும் விட வேண்டியதில்லை. இதே 1.5 டர்போ ஃபோக்ஸ்வாகனின் எஸ்.யூ.வி.யான டைகுனிலும் வருகிறது. டிக்கி மட்டும் 521 லிட்டரிலிருந்து 385 ஆகக் குறையும்.

இரண்டில் எது? ஓட்டும் சுகத்துக்கு விர்ட்டஸ். ஆனால் 2022-ல் வந்தபோதே ஜி.டி. என்ற பெயரை வைத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பின்சீட் இடத்துக்கும் வசதிகளுக்கும் வெர்னா. அது நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகிற கார். இடது காலுக்குச் சோம்பல் இல்லையென்றால் எதை வாங்கினாலும் 6 கியர் மேனுவலைக் கேளுங்கள். விலை குறைவு, உலர் கிளட்ச் கவலையும் போய்விடும்.

கேள்வி: புதிதாக 1.5 டர்போ வாங்குவதற்குப் பதில், அதே விலைக்குள் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கிடைக்கிறது. 2 லிட்டர், 230 குதிரைத்திறன். நண்பர்கள் "யோசிக்காதே, வாங்கு" என்கிறார்கள்.

பதில்: நண்பர்கள் பில் கட்டப் போவதில்லை. கார் அருமையானது, அதில் சந்தேகமில்லை. 2017-ல் வந்த ஆர்.எஸ். 350 நியூட்டன் மீட்டர் தருவது. குடும்பத்தோடு போகலாம், டிக்கியில் வீட்டையே காலி செய்து ஏற்றலாம். ஆக்டேவியா 2023-ல் இந்தியச் சந்தையிலிருந்தே விலகியது. 2025 அக்டோபரில் ஆர்.எஸ். மட்டும் திரும்பி வந்தது, வெறும் 100 கார்கள், விலை கிட்டத்தட்ட 50 லட்சம். அதனால்தான் பழையதற்கு இன்னும் மவுசு.

பார்க்க வேண்டியவை சில. கியர்பாக்ஸ் எண்ணெயில் ஓடும் ஈரக் கிளட்ச் வகை. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியதற்கான பில் இருக்கிறதா? நான்கு டயரும் ஒரே கம்பெனியா? டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். "புது டயர் சார்" என்பவரிடம் அதைக் காட்டுங்கள். ஈ.சி.யூ. எனும் இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டிய, அதாவது ரீமேப் செய்த காரா என்பதை ஸ்கோடா சர்வீஸ் சென்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். விற்பதற்கு முன் பழையபடி மாற்றியிருந்தாலும், ஒருமுறை கம்பெனியின் கணினியில் டி.டி.1 குறி (இன்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டது என்ற அடையாளம்) விழுந்துவிட்டால் அது போகாது.

1500 சி.சி.யைத் தாண்டுவதால் கட்டாய மூன்றாம் நபர் பிரீமியமும் ஏறும். 2022-ல் நிர்ணயித்தபடி 1000 முதல் 1500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. பாலிசியை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இது உங்கள் இரண்டாவது காராக இருந்தால் வாங்குங்கள். வீட்டில் ஒரே கார் என்றால் வேண்டாம். ஒரு உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் ஆபீஸுக்கு எதில் போவீர்கள்?

கேள்வி: விர்ட்டஸ் ஜி.டி. ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தால் 180 குதிரைத்திறன் வரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கவே வடிவமைக்கப்பட்டது. உங்கள் இன்ஜின் இப்போதே சரியாக 250 தருகிறது. மிச்சம் வைக்காமல் கொடுத்ததன் மேல் இன்னும் ஏற்றினால் முதலில் கிளட்ச் போகும், வாரண்டி அதற்கு முன்பே போயிருக்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: வேளச்சேரியில் வீடு. செடான் வாங்கப் பயமாக இருக்கிறது. மழைக்காலத்தில் என்ன செய்வது?

பதில்: உங்கள் பகுதிக்காரர்கள் செய்வதைத்தான். ரெட் அலர்ட் வந்ததுமே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். அதோடு பாலிசி எடுக்கும்போதே 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத பாலிசி) எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள், அப்படியல்ல. நின்ற வண்டிக்குள் வெள்ளம் புகுந்தது வேறு, தண்ணீரில் ஓட்டி அல்லது ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தது வேறு. இரண்டாவதைச் சாதாரண பாலிசியில் மறுத்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்தபின் ஆர்வக்கோளாறில் பட்டனை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். போட்டோ எடுத்து கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, இழுத்துப் போக வண்டி வரவழையுங்கள்.

கேள்வி: டர்போ காருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டுமா?

பதில்: தேவையில்லை. பெட்ரோல் மூடியின் உட்புற ஸ்டிக்கரில் குறைந்தபட்ச ஆக்டேன் எண் (இன்ஜினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தரத்தின் அளவு) இருக்கும். அதற்குக் குறையாமல் போட்டால் போதும். லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்தும் வித்தியாசம் தெரியாது.