பேரிடர் நடந்த வெளிநாட்டுக்குச் சிகிச்சை அளிக்கப் போகும் மருத்துவர் எப்படித் தயாராவது?

"நிலநடுக்கம் நடந்த நாட்டுக்கு உடனே கிளம்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாகக் கிளம்பாதீர்கள். 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது எந்த ஆயத்தமும் இல்லாமல் பல குழுக்கள் போய் இறங்கின. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குத் தரவிதிகளை வகுத்தது. குடிநீர், சாப்பாடு, கூடாரம், மின்சாரம் எல்லாம் குழுவே கொண்டுபோக வேண்டும். அந்த நாட்டு அரசின் அனுமதியும் வேண்டும். அதனால் இப்போதே அப்படியொரு குழுவில் சேர்ந்து பயிற்சி எடுங்கள்.

தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

சரி, அங்கே என்ன பார்ப்பீர்கள்? இடிபாட்டில் தொடை நசுங்கிக் கிடப்பவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். பாரத்தைத் தூக்கியதும் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயமே நின்றுவிடலாம். முடிந்தால் வெளியே எடுக்கும் முன்பே சலைன் ஏற்ற வேண்டும். பொட்டாசியம் கலந்த திரவம் கூடவே கூடாது. சிறுநீர் தேநீர் நிறமானால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

ஆனால் நீங்கள் போய்ச் சேரவே சில நாள் ஆகிவிடும். அப்போது வரிசையில் நிற்பவர்கள் சீழ் பிடித்த காயக்காரர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள், இன்சுலின் இடிபாட்டில் போய்விட்ட சர்க்கரை நோயாளிகள். அழுக்கேறிய காயத்தை உடனே தைத்து மூடிவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, செத்த திசுவை வெட்டி எடுத்து, திறந்தே வைத்திருந்து, சில நாள் கழித்துத் தையுங்கள். அப்புறம், உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் யாருக்கும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்காதீர்கள்.